முடிந்தது என்று பெமிலா சொல்லவில்லை

திங்கள்நகரிலிருந்து நெய்யூருக்குப் போகும் வழியில், ஒரு கிளைத் தெருவில் நான்காவது வீடு பெமிலாவுடையது. வயது நாற்பத்தொன்று. கண் தெரியாது. இரண்டு வயதில் அம்மை கண்டு, கூடவே கடுங்காய்ச்சலும் வந்து, எட்டே நாளில் பார்வை போய்விட்டது. அப்பா ரசலையன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இனித் திரும்பாது என்று டாக்டர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ரசலையன் அடுத்த வாரமே கண் தெரியாத பிள்ளைகளுக்கு எங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பினார்.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள் பெமிலா. பிறகு வரலாற்றில் ஒரு பட்டம். அதன்பின் மார்த்தாண்டத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை. பதினொரு வருடம் அங்கே இருந்தாள். எல்லாக் கிளைகளின் எண்களும் அவளுக்கு மனப்பாடம். கூப்பிடுகிறவர் பேர் சொல்லும் முன்பே குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். ஒருநாள் அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள். ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று அது பேசத் தொடங்கிய மாதமே பெமிலாவை உள்ளே அழைத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். கணக்குத் தீர்க்கிற தாள்தான், சும்மா போடு என்றார் மேலாளர். படிக்காமல் போடமாட்டேன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அக்கா நேசபாய் வாசித்துப் பார்த்தாள். ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்’ என்று இருந்தது.

மறுநாள் பெமிலா அலுவலகத்துக்குப் போய், நான் விரும்பிப் போகவில்லை, நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்கள், அதையே எழுதித் தாருங்கள் என்றாள். தரவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ் ஏறிப் போய், வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் மதியம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டு வந்தாள். கடைசியில், ஆள் தேவையில்லாததால் நீக்கப்பட்டார் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதனால் லாபம் ஒன்றும் இல்லை. கடிதம் மட்டும் கிடைத்தது. அது போதும் என்றாள்.

கணவன் ததேயுஸ் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரன். நகைக்கடனுக்குத் தேதி கேட்டு அந்த நிறுவனத்துக்கு போன் செய்தவன், கடனை அடைத்த பிறகும் போன் செய்துகொண்டிருந்தான். அவன் கத்தோலிக்கன், இவள் புராட்டஸ்டண்ட். இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். கல்யாணம் நடந்தது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவனுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டதால், இப்போது ஒரு ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறான். விடிகாலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. பகல் முழுவதும் பெமிலா தனியாக இருப்பாள்.

வேலை போய் மூன்று வருடம் கழித்து, நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிற நந்தனா என்ற பெண் ஒரு தகவல் சொன்னாள். அவளுக்கும் கண் தெரியாது. கண் தெரியாதவர்களுக்காகத் தமிழில் கைபேசிச் செயலிகள் செய்கிற ஒரு கூட்டம் இருக்கிறதாம். பேர் ஒலித்திரள். இணையத்தில்தான் கூடுவார்கள். சென்னை, பெங்களூரு, யாழ்ப்பாணம், சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆட்கள் சிதறிக் கிடந்தார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, அலுவலகமும் கிடையாது. வெளியிலிருந்து வருகிற நிதி ஒரு பொதுப் பையில் சேரும். யார் வேண்டுமானாலும் ஒரு திட்டத்தை முன்வைக்கலாம். எல்லாரும் வாக்குப் போட்டு ஒத்துக்கொண்டால் வேலை தொடங்கும். பணம் மொத்தமாக வராது. இத்தனை முடிந்தால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா இல்லையா என்பதற்கும் வாக்குத்தான்.

வேலை செய்கிறவர்களுக்குப் பங்கு எழுதுவார்கள். யாருக்கு எத்தனை பங்கோ, அந்த அளவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையிலிருந்து பணம் வரும். வாக்கின் கனமும் அந்தப் பங்கின்படிதான். ததேயுஸுக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது. வள்ளத்திலும் இப்படித்தான், பிடித்த மீனைப் பங்கு வைப்பார்கள், வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றான்.

பெமிலாவுக்குக் கிடைத்தது கேட்கிற வேலை. செயலி பேசுகிற தமிழை வரி வரியாகக் கேட்டு, தப்பான இடத்தைக் குறிக்க வேண்டும். மழை என்பதை மளை என்று சொன்னால் அவள் விடமாட்டாள். அந்த ஊர்க்காரர்கள் யாரும் விடமாட்டார்கள். வாழைப்பழத்தை வாளைப்பளம் என்று சொன்ன குரலைப் பதினேழு தடவை திருப்பி அனுப்பினாள். பெங்களூருக்காரர் ஒருவர், இந்த அளவுக்குப் பார்க்க வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டும் என்று ஒரே சொல்லில் பதில் எழுதினாள். இரண்டு வருடத்தில் பதினோராயிரம் வரிகளைக் கேட்டு முடித்திருந்தாள். அவள் பேரில் அறுநூற்று நாற்பது பங்கு சேர்ந்திருந்தது. செயலிக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதத்தில் கிடைப்பது அது. இருந்தாலும் தன் வேலைக்கு எழுதப்பட்ட பங்கு என்பதில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மருந்து அட்டையை வாசிக்கிற திட்டம் வந்தது. மாத்திரை அட்டைக்கு நேராகக் கைபேசியைப் பிடித்தால், மருந்தின் பேரையும் அளவையும் காலாவதித் தேதியையும் அது தமிழில் சொல்லும். தனியாக இருக்கிறவர்களுக்கு இதைவிட உபகாரம் வேறு இல்லை. விபின் என்ற இளைஞன் அதைச் செய்தான். அவனும் இந்த மாவட்டத்துக்காரன்தான், கருங்கல் பக்கம். பெங்களூரில் இருந்த வேலையை விட்டுவிட்டு, ஐந்து மாதம் இதிலேயே உட்கார்ந்திருந்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அட்டையைச் சரியாக வாசித்தால் கடைசிக் கட்டம் முடிந்ததாகக் கொள்ளலாம் என்பது முன்பே எழுதிய நிபந்தனை. விபின் இருநூறு அட்டைகளின் படத்தைக் கொடுத்து வாசிக்க வைத்தான். நூற்றுத் தொண்ணூற்று நான்கு சரி. முடிந்தது என்று அறிவித்தான். முப்பத்தொரு பேர் ஆமாம் என்று வாக்களித்தார்கள். இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. அதில் ஒருத்தி பெமிலா. பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இருந்தாள்.

மறுநாள் காலை ததேயுஸின் ரத்த அழுத்த மாத்திரை அட்டை மேசையில் இருந்தது. முந்தின வாரம்தான் டாக்டர் அளவைக் குறைத்து இரண்டரை மில்லிகிராம் ஆக்கியிருந்தார். பெமிலா கைபேசியை அதன்மேல் பிடித்தாள். இருபத்தைந்து மில்லிகிராம் என்றது. திருப்பிப் பிடித்தாள். மறுபடியும் இருபத்தைந்து. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்தபோது இரண்டு புள்ளி ஐந்து என்றது. பிறகு அவளுடைய தைராய்டு மாத்திரையை எடுத்தாள். அது பன்னிரண்டரை மைக்ரோகிராம். நூற்றி இருபத்தைந்து என்றது. பத்து மடங்கு. அந்த அளவிலும் அதே மாத்திரை கடையில் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. அட்டையின் வெள்ளித்தாள் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் எண்ணுக்கு நடுவில் இருக்கிற புள்ளி காணாமல் போகிறது. விபின் சோதித்தது நல்ல வெளிச்சத்தில் கண் தெரிந்தவர்கள் எடுத்த படங்கள். கண் தெரியாதவள் பிடிக்கிற கோணம் எதுவும் அதில் இல்லை.

ஒரு கட்டம் முடிந்தது என்று வாக்கு விழுந்த பிறகு, ஏழு நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வழி இருந்தது. ஆனால் சும்மா சொல்ல முடியாது. தன் பங்கில் கால்வாசியாவது பணயம் வைக்க வேண்டும். குலுக்கலில் எடுத்த ஐந்து பேர் விசாரிப்பார்கள். ஆட்சேபம் சரி என்று தீர்ந்தால் பங்கு திரும்பி வரும். தோற்றால் போய்விடும். வேண்டாத வழக்குகளைத் தடுக்க வைத்த விதி அது. பெமிலா அறுநூற்று நாற்பதையும் வைத்தாள்.

சாயங்காலம் ததேயுஸ் கேட்டான். “பிள்ளே, கால்வாசி வச்சாப் போதும் என்னு சொன்னியே. எதுக்கு மொத்தத்தையும் வச்ச?”

“கால்வாசி வச்சா, இவளுக்கே கால்வாசிதான் நம்பிக்கை என்னு நினைப்பாங்க.”

அந்தப் பங்குக்கு வருகிற மூன்று மாதப் பணத்தில் வீட்டுக் கூரையின் ஒழுக்கை அடைக்கலாம் என்று அவன் இருந்தான். அதை அப்போது அவளிடம் சொல்லாமல் இருந்தது அவனுடைய நல்ல குணம்.

ஆட்சேபத்துக்கு ஒரு படிவம் இருந்தது. தப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் படத்தை எடுத்து, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு அனுப்ப வேண்டும். கண் தெரியாதவர்களுக்காக வேலை செய்கிற கூட்டத்தில் இப்படி ஒரு படிவம். படத்தை ஏற்றுகிற இடத்தைத் தொட்டால், தொட்டதை வாசித்துச் சொல்கிற அவளுடைய கைபேசி ‘பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொன்னது. நேசபாயைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பாள். பெமிலா கூப்பிடவில்லை. வட்டம் போட என்னால் முடியாது, பார்க்க முடியாது என்பதுதான் இதில் எனக்குள்ள தகுதி, இந்தச் செயலி பேசியதை ஒலியாக அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள் என்று எழுதி அனுப்பினாள்.

ஐந்து பேரில் நான்கு பேர் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார்கள். நிபந்தனை தொண்ணூற்றைந்து, கிடைத்தது தொண்ணூற்றேழு, ஆட்சேபிப்பவர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை, உரிய வடிவில் ஆதாரமும் தரவில்லை என்று முடிவு எழுதினார்கள். அவள் பேருக்கு நேராகப் பூச்சியம் வந்தது. இனி அவள் வாக்குக்குக் கனம் இல்லை. எழுதலாம், பேசலாம், அவ்வளவுதான்.

இரண்டு நாள் பெமிலா அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நந்தனாவைக் கூப்பிட்டாள். அப்புறம் பகவதியப்பனைக் கூப்பிட்டாள். அவர் அரசுப் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே கண் தெரியாதவர். நமக்கு வேண்டியது அட்டைகள், நிறைய அட்டைகள் என்றாள். அத்தனை அட்டைக்கு எங்கே போவது என்று நந்தனா கேட்டதற்குப் பகவதியப்பன் வழி சொன்னார். வடசேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிற சிவதாணு அவரிடம் பாட்டுப் படித்தவர். பாட்டு வரவில்லை, ஆனால் மரியாதை இருந்தது.

சிவதாணு முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “ரெண்டு மணிக்கு மேல வாங்கம்மா, கடையில ஆள் இருக்காது. எந்த அட்டையை வேணும்னாலும் எடுத்துத் தாறேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கிரப்பிடாது, அவ்வளவுதான்” என்றார்.

மூன்று மதியங்கள் அங்கே உட்கார்ந்தார்கள். சிவதாணு ஒவ்வொரு அட்டையாக எடுத்து, அளவைத் தன் வாயால் சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பார். அவர்கள் மூவரும் மாறி மாறி, வீட்டில் எப்படிப் பிடிப்பார்களோ அப்படியே கைபேசியைப் பிடிப்பார்கள். கைபேசி சொல்வதும் பதிவாகும். பகவதியப்பனுக்குக் கை லேசாக நடுங்கும். என் கையை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். நடுங்குகிற கைக்காரர்கள்தான் கூடுதல் மாத்திரை தின்கிறார்கள், நீங்கள் பிடியுங்கள் என்றாள் பெமிலா. நடுவில் மருந்து வாங்க வந்தவர்கள், என்ன இது என்று நின்று பார்த்தார்கள். ஒரு அம்மா தன் பையிலிருந்த அட்டையையும் எடுத்து நீட்டி, இதையும் பாருங்க மக்கா என்றாள்.

மொத்தம் முந்நூறு அட்டை. புள்ளி வைத்த எண் உள்ளவை அறுபத்தொன்று. அதில் பதினான்கில் புள்ளி விழுங்கப்பட்டிருந்தது. வேறு தப்பு எதுவும் இல்லை. பெமிலா ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். முந்நூறில் இருநூற்று எண்பத்தாறு சரி, ஆகவே உங்கள் நிபந்தனைப்படி இந்தச் செயலி இன்றும் தேறிவிடும், தப்பு நிபந்தனையில் இருக்கிறது என்று எழுதினாள். நூற்றுக்கு ஐந்து தப்பலாம் என்று முடிவு செய்தவர்களில் அந்த மாத்திரையைக் கேட்டு விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டாள். கூடவே அந்தப் பதினான்கு ஒலிப்பதிவுகளையும் எல்லாரும் கேட்கிற பொது இடத்தில் போட்டாள். முதலில் சிவதாணுவின் குரல் பன்னிரண்டரை என்னும். அடுத்து கைபேசி நூற்றி இருபத்தைந்து என்னும். எழுத்தில் படித்தபோது தோள் குலுக்கியவர்கள், காதால் கேட்டபோது அப்படி இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், என் தாயாரின் கைபேசியிலிருந்து இன்றைக்கே இதை எடுத்துவிட்டேன் என்று எழுதினார். விபினுக்குப் போக வேண்டிய கடைசிக் கட்டப் பணத்தை நிறுத்தி வையுங்கள் என்று வேறு சிலர் எழுதத் தொடங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை விபின் நேரிலேயே வந்தான். ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், கருங்கலிலிருந்து பைக்கில் வந்திருந்தான். இருபத்தொன்பது வயது. கோபமாக வந்தான் என்பது அவன் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே பெமிலாவுக்குத் தெரிந்தது. அன்று ததேயுஸும் வீட்டில் இருந்தான். தேயிலைத் தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா, நூறுக்குத் தொண்ணூத்தஞ்சு போதும் என்னுதான் எழுதியிருந்து. நான் அதுக்கு மேலே கொடுத்தேன். வேலையை விட்டுட்டு அஞ்சு மாசம் இருந்தேன். இப்ப நான் யாரையோ கொல்லப் பார்த்த மாதிரி எழுதுகாங்க.”

அப்படி எழுதியது நான் இல்லை, அது தப்பு, அங்கேயே சொல்கிறேன் என்றாள் பெமிலா. பிறகு தன் தைராய்டு அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்து, அவனுடைய கைபேசியாலேயே வாசிக்கச் சொன்னாள். அவன் பிடித்தான். கைபேசி நூற்றி இருபத்தைந்து என்றது.

“சரி மக்கா, இப்ப நீ என்ன செய்வ?”

“அட்டையில பன்னிரண்டரை என்னு போட்டிருக்கே அக்கா. எனக்குத் தெரியுதே.”

“உனக்குத் தெரியும். நூறுல எது தப்பின அஞ்சு என்னு நீ பார்த்துக் கண்டுபிடிச்சுக்கிடுவ. எனக்கு எல்லாம் ஒரே குரல்தான். சரியா சொல்லும்போதும் அதே குரல், தப்பா சொல்லும்போதும் அதே குரல்.”

விபின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை சரியாகச் சொன்னது. அடுத்த மூன்று தடவையும் தப்பு. பிறகு, இதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரைக்கும் கையில் பணம் இல்லை, வாடகை கொடுக்கவே வழி இல்லை என்றான். இப்போது அவன் குரலில் கோபம் இல்லை.

“உனக்க கூலியை நான் தடுக்கல்ல,” என்றாள் பெமிலா. “அஞ்சு மாசம் வேலை செய்திருக்க, அதுக்கு உள்ளது உனக்குக் கிட்டணும். முடிஞ்சு என்னு சொன்னியே, அதைத்தான் தடுக்கேன். ரெண்டும் ஒண்ணு என்னு யாரு சொன்னா?”

ஓரமாக இருந்த ததேயுஸ், வள்ளத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிறவனின் பங்கை யாரும் பிடுங்க மாட்டார்கள், ஓட்டையை அடைக்கிறவனைப் பட்டினி போடவும் மாட்டார்கள் என்றான். அன்று மதியம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து, பெமிலாவும் விபினும் சேர்ந்து ஒரு தீர்மானம் எழுதினார்கள். அவள் சொல்ல அவன் தட்டினான். தட்டியதை அவள் கைபேசியில் வாசிக்கவிட்டுத் திருத்தினாள்.

நான்கு விஷயம். ஒன்று, செய்த வேலைக்கு விபினுக்குப் பணம் தர வேண்டும். ஆனால் திட்டம் முடிந்தது என்ற முடிவை ரத்து செய்ய வேண்டும். இரண்டு, இனிமேல் எந்தத் திட்டத்தையும் அதைப் பயன்படுத்தப்போகிற கண் தெரியாதவர்கள் ஏழு பேர் ஒப்பாமல் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. மூன்று, எண் தெளிவாகத் தெரியாவிட்டால் செயலி ஊகிக்கக் கூடாது, தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். நான்காவது, நிரல் எழுதுகிற ஒரு மணி நேரமும், கேட்டுச் சோதிக்கிற ஒரு மணி நேரமும் ஒரே பங்கு. நான்காவதைத் தட்டும்போது விபின் தயங்கினான். இது நிறைவேறாது அக்கா என்றான். நிறைவேறுகிறதை மட்டும் எழுதுவதற்கா உட்கார்ந்தோம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். கோயிலில் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, புடவைகூட மாற்றாமல் பெமிலா கைபேசியின் முன் உட்கார்ந்தாள். வாக்கு இல்லாதவர்களையும் சேர்த்து நாற்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். வாக்கு இல்லாதவள் விவாதம் முடிந்த பிறகுதான் பேசலாம். அதுவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். டொராண்டோவிலிருந்து பேசியவர், கேட்பவருக்கும் நிரலாளருக்கும் ஒரே பங்கு என்றால் நல்ல நிரலாளர் யாரும் வரமாட்டார்கள் என்றார். இன்னொருவர், மாற்றுத்திறனாளிகள் மீது நமக்கெல்லாம் பெரிய மதிப்பு உண்டு, பெமிலா போன்றவர்கள் நமக்கு ஒரு ஊக்கம் என்று தொடங்கி நெடுநேரம் பேசினார்.

அவள் முறை வந்தது. “ஊக்கம் தர நான் இதில் சேரவில்லை. வேலை செய்யச் சேர்ந்தேன். இரண்டு வருடம் செய்திருக்கிறேன்,” என்று தொடங்கினாள். “புள்ளி காணாமல் போனதைப் பார்க்கத் தெரிந்த முப்பத்தொரு பேர் கண்டுபிடிக்கவில்லை. கேட்கத் தெரிந்த மூன்று பேர் கண்டுபிடித்தோம். அந்த மூன்று மதியத்தின் விலை என்ன என்று நீங்கள் சொல்லுங்கள். பாதி என்றால் ஏன் பாதி என்றும் சொல்லுங்கள்.” அவ்வளவுதான் பேசினாள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் என்ற முறையில் விபின் அவளுக்குப் பிறகு பேசி, முடிந்தது என்று நான் அறிவித்தது தவறு, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்றான். எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை.

முதல் மூன்றும் நிறைவேறின. நான்காவது தோற்றது. கேட்பவர்களுக்குப் பாதிப் பங்கு என்று ஒரு திருத்தம் வந்து, அது நிறைவேறியது. அதுவே முன்பு இருந்ததைப் போல மூன்று மடங்கு என்று நந்தனா சந்தோஷப்பட்டாள். பெமிலா சந்தோஷப்படவில்லை.

பிறகு அவள் இழந்த பங்கின் பேச்சு வந்தது. விசாரித்து எழுதிய முடிவைத் திருப்பி எழுத விதியில் இடம் இல்லை. அதனால் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னார். பெமிலாவுக்குச் சிறப்பு அங்கீகாரம் என்று எழுநூறு பங்கு வழங்கிவிடலாம், கணக்கு சரியாகிவிடும். பலரும் கைதட்டும் குறியைப் போட்டார்கள். பெமிலா மறுத்துவிட்டாள். எனக்குப் பரிசு வேண்டாம், என் ஆட்சேபம் சரி, தள்ளியது தப்பு என்று எழுதி என்னுடையதைத் திருப்பித் தாருங்கள், ஒன்று கூடுதலாகவும் வேண்டாம் என்று எழுதினாள். அப்படி எழுத அவர்களால் முடியவில்லை. இவளும் இறங்கி வரவில்லை. பேச்சு அப்படியே நின்றுபோனது.

நேசபாய்க்கு இது பொறுக்கவில்லை. வந்ததை வாங்கிப் போட்டால் கூரையையாவது சரிசெய்யலாமே, யாருக்கு வேண்டி இந்தப் பிடிவாதம் என்று வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாள். ததேயுஸ், கூரையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அந்த மழைக்காலம் முழுக்க அடுக்களையில் இரண்டு வாளி வைத்துத்தான் சமாளித்தார்கள்.

பெமிலா மறுபடியும் பூச்சியத்திலிருந்து தொடங்கினாள். செயலியின் இரண்டாவது வடிவத்தை விபின் கொண்டுவந்தபோது, அவளும் நந்தனாவும் பகவதியப்பனும் மேலும் நாலு பேரும் சோதித்தார்கள். ஒன்பது அட்டையில், எண் தெளிவாக இல்லை, வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள் என்று அது சொன்னது. அது நல்லது. ஆனால் இரண்டு அட்டையில் இன்னமும் புள்ளியை விழுங்கியது. ஆறு பேர் போதும் என்றார்கள். பெமிலா இல்லை என்றாள். ஏழு பேரும் ஒப்ப வேண்டும் என்பது விதி, ஆகவே வேலை நின்றது. அந்த ஆறு பேரில் பகவதியப்பனும் உண்டு. இரண்டுதானேம்மா என்று வருத்தப்பட்டார். அந்த இரண்டும் உங்கள் வீட்டுக்கு வந்தால் என்று கேட்டாள். அவர் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மூன்றாவது வடிவம் ஏழு வாரம் கழித்து வந்தது. வடசேரிக் கடையில் ஐந்நூறு அட்டையை வாசித்தது. ஒரு புள்ளியையும் விடவில்லை. தெரியாத இடத்தில் தெரியாது என்றது. பெமிலா அன்றைக்கும் ஒப்பவில்லை. வீட்டில் வைத்து, அடுக்களை வெளிச்சத்திலும் மழை மூட்டத்திலும் பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் ஒப்பம் கொடுத்தாள். விபினுக்கு மீதிப் பணமும் போய்ச் சேர்ந்தது. அவன் நன்றி என்று ஒரு வரி அனுப்பினான். அடுத்து பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கிற திட்டம் போடுகிறேன், தொடக்கத்திலேயே நீங்கள் கூட இருக்க வேண்டும் அக்கா என்றும் ஒரு வரி.

சம பங்குத் தீர்மானத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மறுபடி கொண்டுவர முடியும். அவள் மூன்று தடவை கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் தோற்றது. கடைசித் தடவை தோற்றது நூற்றுக்கு நாலே பங்கு வித்தியாசத்தில். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்காம் தடவை. இந்தமுறை தீர்மானத்தின் கீழே பதினொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விபினும் கொடுத்திருக்கிறான், அந்த டொராண்டோக்காரர் இன்னும் எதிர்க்கிறார். இந்தத் தடவையும் தோற்றால் என்ன செய்வாய் என்று ததேயுஸ் கேட்டபோது, பெமிலா தீர்மானத்தின் இரண்டாம் வரியைக் கைபேசியில் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். சற்று இருங்கள், இந்த இடத்தில் ஒரு சொல் சரியில்லை என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசிக்க விட்டாள்.